எழுபது வளைவுக்கு மேலே இரண்டு ரௌட்டர்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். நெட் பழுது பார்க்க வருகிறவரும் அதே வளைவுகளைத்தான் ஏற வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு அவர் வருவது சந்தேகம். அதனால், செம்மேட்டுப் பக்கம் பெரியப்பா வீட்டில் சொந்த ரௌட்டர் மாட்டப் போனபோது முதலில் ஒன்றை முடிவு செய்துகொண்டேன்: கம்பெனி கொடுத்த பெட்டியின் செட்டிங்கில் கை வைப்பதில்லை.

ஓஎன்டி என்கிற அந்தப் பெட்டிதான் ஃபைபர் கேபிளில் வரும் ஒளியை நெட்டாக மாற்றித் தருகிறது. கடையில் வாங்கும் சாதாரண ரௌட்டருக்கு அந்த வேலை தெரியாது. ஆகவே, அதைக் கழற்றிவிட்டு நம்முடையதை வைக்க முடியாது. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். அதில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று பொருள். அப்போது நம் ரௌட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை.

பெட்டி இருப்பது திண்ணைச் சுவரில். தங்கை படிப்பதோ மிளகு காயப்போடும் களத்தை ஒட்டிய பின்னறையில். நடுவே இரண்டு தடித்த மண்சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் தளர்ந்துவிடும், 2.4 கொஞ்சம் தாங்கும். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தயங்காமல் போகும். எனவே பெட்டியின் லேன் துளையிலிருந்து கேபிள் இழுத்து, பின்னறையில் வைத்த புது ரௌட்டரின் வேன் துளையில் செருகினோம்.

நெட் வரவில்லை. இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி! ஒரே எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால் எங்கே போகும்? நம்முடையதை 192.168.50.1 என்று மாற்றியதும் வந்துவிட்டது.

இப்படி வைத்தால், வீட்டுக்குள் உள்ள முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு இடத்தில் நடக்கும். பாடம் கேட்க, வீடியோ காலில் பேச இடைஞ்சல் இல்லை. வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவுக்கு நேரடியாக வழி திறக்க நினைத்தால்தான் சிக்கல். கம்பெனி பெட்டியை, ஒளியை மட்டும் மாற்றித் தரும் ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றி, இணைப்புக்கான பிபிபிஓஇ பெயரையும் கடவுச்சொல்லையும் நம் ரௌட்டரில் போடலாம் என்பார்கள். அதற்கு முன், அப்படி மாற்றினால் நம் ரௌட்டருக்கு வெளிப்பக்கம் கிடைக்கும் முகவரி எது என்று கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் கம்பெனியே இன்னொரு மாற்றம் வைத்திருக்கிறது. பிரிட்ஜ் போட்டும் வழி திறக்காது. வைஃபை எட்டினால் மட்டும் போதும் என்பவர்கள் நம் ரௌட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறையில் வைக்கலாம். முழு வீடும் ஒரே நெட்வொர்க்காக இருக்கும்.

நான் தனி நெட்வொர்க் வைத்ததற்குக் காரணம் பாதுகாப்பு. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் மோடம்களை ஒரு தீநிரல் தாக்கியது; பழைய கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட வீடுகள்தான் மாட்டிக்கொண்டன. பாதுகாப்பு நம் கையில் இருக்க ரௌட்டரும் நம் விருப்பப்படி இருக்க வேண்டும். வீட்டுக்குள் எந்த ரௌட்டர் என்பதை வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்கும் உரிமையை ஜெர்மனி 2016 ஆகஸ்ட் 1 முதல் சட்டமாக்கிவிட்டது. இங்கேயும், சொந்த ரௌட்டர் வைக்க வசதியாக, இணைப்புக் கொடுக்கும் அன்றே லாகின் விவரங்களைக் கேட்காமலே கையில் தர வேண்டும் என்பது என் ஆசை.

கரண்ட் போனால் இரண்டும் ஓட வேண்டும். வோல்ட் பொருந்துகிறதா என்று பார்த்து, ஆளுக்கொரு மினி யுபிஎஸ் வைத்தோம். இடி இடித்தால் அடாப்டரைப் பிடுங்கிவிடச் சொல்லியிருக்கிறேன். எந்த கேபிள் எந்தத் துளையில் என்று படம் வரைந்த தாளை, அடுத்து மலையேறி வருகிறவருக்காகப் பெரியம்மா காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தார்.