இறக்கிவைத்த பால் பொங்குமா?

"குண்டாஸ் போட்டுட்டாங்க" என்ற சேதி வந்ததும் புதுக்கோட்டைப் பக்கம் வீட்டிலிருந்து முதலில் கிளம்புவது பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான். "என் புள்ள தப்பே செய்யலைய்யா" என்று அவர்கள் அழுதால் நீதிபதிக்கு மனம் இரங்கலாம். வழக்கு நகராது.

காரணம் அடுப்படியில் இருக்கிறது. பால் பொங்கி வழிந்தபின் நடக்கும் விசாரணை சாதாரணக் குற்ற வழக்கு. பொங்குமுன்னே பாத்திரத்தை இறக்கிவைப்பது தடுப்புக்காவல். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டம், அதாவது குண்டாஸ், இறக்கிவைப்பதற்கானது. எஸ்.பி. பரிந்துரைப்பார், கலெக்டர் கையெழுத்திடுவார். (புதுக்கோட்டையில் அந்தக் கையெழுத்து விழுவது பழைய அரண்மனைக் கட்டடத்தில், அந்த அதிகாரத்துக்குப் பொருத்தம்தான்.) 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஆகவே, எதைப் பார்த்து, எப்போது இறக்கினாய் என்பதே கேள்வி.

பெரும்பாலும் ஆள் ஏற்கெனவே ரிமாண்டில் இருப்பார். பாத்திரம் கீழேதானே இருக்கிறது, பிறகு எப்படிப் பொங்கும்? யாரோ அதை மறுபடி அடுப்பில் ஏற்றப்போகிறார்கள், அதாவது ஜாமீன் கிடைக்க உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்று உத்தரவு காட்ட வேண்டும். சென்னைக்காரர் ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இன்றும் குண்டாஸ் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படும் அந்தத் தீர்ப்பின் தலைப்பில் இருப்பது மனைவியின் பெயர். கைதாகி வெகுநாள் கழித்து உத்தரவு போட்டாலும் இதே கதை. ஆறிப்போன பாலைக் காட்டிப் பொங்கப்போகிறது என்றால் நீதிமன்றம் விளக்கம் கேட்கும்.

உத்தரவை அரசு 12 நாளுக்குள் அங்கீகரிக்க வேண்டும். 3 வாரத்துக்குள், காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தரவில்லை. ஆனால் வக்கீல் அல்லாத நண்பர் ஒருவர் துணைக்கு வரலாம் என்று தேசியப் பாதுகாப்புச் சட்ட வழக்கு ஒன்றில் 1981 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வீட்டார் தம் வாயால் பேசக் கிடைக்கும் இடம் இதுதான். கிடைப்பது சில நிமிடங்கள் என்பதால் தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

அடுத்தது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு. மனுதாரர் அம்மாவோ மனைவியோ, வாதாடுவது வக்கீல். அவருக்கு வேண்டியது கண்ணீரைவிடக் காகிதம்: அரசுக்கு முறையீடு அனுப்பிய தபால் ரசீது, பதில் வந்த நாள், சிறையில் கொடுத்த நகல் கட்டு. அந்தக் கட்டில் ஒரு பக்கம் வாசிக்க முடியாமல் இருந்தாலும் குண்டாஸ் உடையலாம். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பெண்ணுக்கு ரிமாண்ட் உத்தரவை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்ததற்காக 1999இல் ஒரு காவல் ரத்தானது.

குண்டாஸ் உடைந்தாலும் மூல வழக்கு அப்படியே நிற்கும். அதில் ஜாமீன் வாங்கியிராவிட்டால் சிறைக் கதவு திறக்காது; அதற்குத் தனி மனு, வேறு நீதிமன்றம்.