வாடகைக் காரும் வந்துசேர்ந்த அபராதமும்

சென்ற தலைமுறையில் உரோமைக்குத் திருப்பயணம் போனவர்கள் பெரும்பாலும் கூட்டமாகவே போனார்கள். விமான நிலையத்தில் பேருந்து காத்திருக்கும். வழிகாட்டி கொடியைத் தூக்கிப் பிடிப்பார். அவர் பின்னால் நடந்தால் போதும். இன்று நிலைமை மாறியிருக்கிறது. பிள்ளைகள் வேலையில் அமர்ந்து, பெற்றோரை அழைத்துக்கொண்டு குடும்பமாகவே புறப்படுகிறார்கள். உரோமையில் இறங்கியதும் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, அசிசி, சியன்னா, புளோரன்ஸ், பதுவை என்று தம் விருப்பப்படி பயணம் செய்கிறார்கள். முழங்கால் வலியுள்ள தாய்க்கும், நினைத்த இடத்தில் நிறுத்தி இளைப்பாற விரும்பும் தந்தைக்கும் இது பேருதவியே என்பதில் ஐயமில்லை.

ஆனால் பயணம் முடிந்து, படங்களை உறவினருக்கெல்லாம் காட்டி முடித்து, வாங்கிவந்த செபமாலைகளைப் பங்கிட்டுக் கொடுத்தபின், பல மாதங்கள் கழித்துப் பதிவுத் தபாலில் ஓர் உறை வருகிறது. உள்ளே இத்தாலிய மொழியில் அச்சிட்ட தாள். அதில் நம் பெயர், நாம் ஓட்டிய காரின் எண், நாள், மணி, நிமிடம், தெருவின் பெயர், கட்டவேண்டிய தொகை ஆகிய அனைத்தும் இருக்கின்றன. நம்மை எவரும் வழிமறிக்கவில்லை. காவலர் ஒருவரையும் நாம் காணவில்லை. பின் எப்படி வந்தது இந்த அபராதம்? இதற்கு நாம் என்ன செய்ய வேண்டும்? இக்கேள்வியோடு அண்மைக் காலத்தில் சிலர் நம்மை நாடி வந்ததால், இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவது பயனுள்ளது எனக் கருதுகிறோம்.

பழைய நகரின் புதிய காவல்

இத்தாலிய நகரங்களின் நடுப்பகுதிகள் காருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. மனிதரும் கழுதையும் கைவண்டியும் போவதற்கென்று பல நூற்றாண்டுகளுக்கு முன் அமைந்த தெருக்கள் அவை. உரோமையின் பழைய நகரம் 1980-ஆம் ஆண்டிலும், புளோரன்ஸ் நகரின் பழைய பகுதி 1982-ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இத்தகைய தெருக்களில் கார்கள் கட்டுப்பாடின்றி நுழைந்தால் புகையும் நெரிசலும் கட்டடங்களையும் கெடுக்கும். அங்கே குடியிருக்கும் முதியோரையும் குழந்தைகளையும் வாட்டும். ஆகவே நகராட்சிகள் அப்பகுதிகளை 'ஸோனா அ டிராஃபிக்கோ லிமிதாத்தோ', அதாவது கட்டுப்படுத்தப்பட்ட போக்குவரத்துப் பகுதி என்று அறிவித்திருக்கின்றன. அங்கே குடியிருப்போரும், அனுமதி பெற்றோரும் மட்டுமே குறித்த நேரங்களில் வாகனத்தோடு நுழையலாம். நேரம் நகருக்கு நகர் வேறுபடும்.

எல்லையில் மதிலும் இல்லை, கதவும் இல்லை. வெண்மையான வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் கொண்ட பலகையும், அதன்கீழ் நேர விவரமும், மேலே ஒரு கேமராவும் உண்டு, அவ்வளவே. பல இடங்களில் மின் எழுத்துப் பலகையும் இருக்கும். அதில் 'வார்கோ அத்தீவோ' என்று ஒளிர்ந்தால், அந்நிய நாட்டவர் பலர் வாயில் இயங்குகிறது, போகலாம் போலும் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மைப் பொருள் அதற்கு நேர்மாறானது. காவல் இயங்குகிறது, நுழையாதே என்பதே அதன் பொருள். 'வார்கோ நோன் அத்தீவோ' என்று இருந்தால்தான் நுழையலாம். ஒரு சொல்லின் வேறுபாட்டை அறியாததால் எத்தனையோ பேர் அபராதம் செலுத்துகிறார்கள்! கைபேசியிலுள்ள வழிகாட்டியோ இந்த எல்லையை எப்போதும் எச்சரிப்பதில்லை. குறுகிய வழி எதுவோ அதையே காட்டும்.

இரண்டு தொகைகள்

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் நீக்க வேண்டும். கேமரா காரின் எண்ணைப் பதிவு செய்கிறது. நகராட்சிக் காவல்துறை அந்த எண் யாருடையது என்று பார்க்கிறது. அது வாடகை நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. அன்று அக்காரை எடுத்தவர் யார் என்று நிறுவனத்தைக் கேட்கிறது. நிறுவனம் நம் பெயரையும் முகவரியையும் கொடுக்கிறது. இவ்வாறு கொடுத்ததற்கான எழுத்துக் கூலியாக ஏறத்தாழ நாற்பது, ஐம்பது யூரோவை நம் கடன் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வாடகைப் பத்திரத்தின் பொடி எழுத்துகளில் இதற்கு நாம் முன்னரே இசைவு தந்திருப்போம்.

அபராதம் இதுவன்று! பலர் இதையே அபராதம் என்று எண்ணி, கட்டியாயிற்று என மறந்துவிடுகிறார்கள். வேறு சிலர் நிறுவனம் ஏமாற்றிவிட்டதென்று வங்கியில் முறையிடுகிறார்கள். உண்மையான அபராதச் சீட்டு பின்னர் நகராட்சியிலிருந்து தனியே வரும். வெளிநாட்டில் வாழ்வோருக்கு அதனை அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. ஆகவேதான் ஓராண்டை நெருங்கியும்கூட அது வந்து கதவைத் தட்டுகிறது.

ஒரு காரில் இரண்டு குடும்பங்கள்

நமக்குத் தெரிந்த இரு குடும்பத்தார், ஒருவருக்கொருவர் சம்பந்திகள், ஒரே காரில் இத்தாலி சென்று வந்தார்கள். வாடகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் மருமகன். ஓட்டியவரும் அவரே. புளோரன்ஸ் நகரில் மாலை வேளையில் விடுதியைத் தேடும்போது, "மாப்பிள்ளை, இந்தத் தெரு வழியே போனால் சீக்கிரம் போய்விடலாம்" என்று கைபேசியைப் பார்த்து வழி சொன்னவர் மாமனார். வழி தவறவே ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் நுழைந்தார்கள். சில மாதங்களுக்குப்பின் இரண்டு சீட்டுகள் வந்தன.

தனியே கட்டிவிடலாம் என்று மருமகன் முதலில் எண்ணினார். ஆனால் அவருடைய தாய், வழி சொன்னவரும் பங்கு கொடுக்க வேண்டாமா என்று கேட்டார். அச்சொல் அப்புறத்தை எட்டியது. "நான் காட்டியது வழிதானே, பலகையைப் பார்த்து ஓட்டுவது ஓட்டுகிறவர் கடமையல்லவா?" என்றார் மாமனார். விமானச் சீட்டுக்கு யார் அதிகம் கொடுத்தது, விடுதிச் செலவு யாருடையது என்று பழைய கணக்குகளும் வெளியே வந்தன. அசிசியில் புனித பிரான்சிஸ்குவின் கல்லறை முன்பு அருகருகே முழந்தாளிட்டவர்கள், மூன்று வாரங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. நடுவில் அழுதவள் அந்த வீட்டு மகளும் இந்த வீட்டு மருமகளுமாகிய பெண் ஒருத்தியே.

அவர்கள் நம்மிடம் வந்தபோது நாம் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. தாளை எடுத்துக் கணக்கை மட்டும் படித்துக் காட்டினோம். இக்குற்றத்துக்கு அதில் குறித்திருந்த குறைந்த தொகை 83 யூரோ. சீட்டுக் கிடைத்த 5 நாள்களுக்குள் கட்டினால் 30 விழுக்காடு தள்ளுபடி. 58 யூரோ 10 சென்ட் போதும். அதன்பின் 60 நாள்கள் வரை முழுத் தொகையாகிய 83. அதையும் தாண்டினால் உச்சத் தொகையான 332-இல் பாதி, அதாவது 166. தபால், அலுவலகச் செலவுகள் இவற்றோடு தனியே சேரும். இரண்டு சீட்டுகளையும் வந்த வாரமே கட்டியிருந்தால் 116 யூரோ 20 சென்டில் முடிந்திருக்கும். மூன்று வாரச் சண்டைக்குப்பின் 166 யூரோ ஆயிற்று. சண்டையின் விலை 49 யூரோ 80 சென்ட். நம் பணத்தில் நாலாயிரத்துக்கும் மேல்! மாமனார் சிரித்துவிட்டார். இரு வீட்டாரும் பாதிப் பாதி போட்டு அன்றே அனுப்பினார்கள்.

சீட்டு வந்தால்

இதிலிருந்து நடைமுறைக்குரிய சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, உறையைப் பிரித்த நாளைத் தாளிலேயே குறித்து வையுங்கள். எல்லாக் கெடுவும் சீட்டுக் கிடைத்த நாளிலிருந்தே எண்ணப்படும்.

இரண்டாவது, காரின் எண்ணையும் நாள் நேரத்தையும் வாடகைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். காரைத் திருப்பிக் கொடுத்தபின் நடந்த குற்றம் உங்களுடையதன்று. ஆகவே ஊர் திரும்பியதும் பத்திரத்தைக் கிழித்தெறியாமல் ஓராண்டுக்குமேல் காப்பது அவசியம்.

மூன்றாவது, சீட்டு உண்மையானதா என்று உறுதி செய்யுங்கள். நகராட்சியின் அதிகாரபூர்வ இணையதளத்தை நீங்களே தேடித் திறந்து, சீட்டின் எண்ணைச் சரிபாருங்கள். மின்னஞ்சலில் எவரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டுப் பணம் கட்டாதீர்கள். அபராதத்தின் பெயரால் ஏமாற்றுவோரும் உண்டு.

நான்காவது, வங்கி வழியே அனுப்பினால் சீட்டின் எண்ணையும் காரின் எண்ணையும் தவறாமல் எழுதுங்கள். பணம் அங்கே போய்ச் சேரும் நாளே கணக்கு; ஆதலால் கடைசி நாள் வரை காத்திருத்தல் ஆகாது. வங்கிக் கட்டணத்தை நீங்களே ஏற்று, தொகை குறையாமல் போய்ச் சேரும்படி பாருங்கள்.

ஐந்தாவது, சீட்டு தவறானது என்று சான்றோடு காட்ட முடிந்தால் மேல்முறையீடு செய்யலாம். 'பிரெஃபெத்தோ' எனப்படும் அரசின் மாவட்டப் பிரதிநிதியிடம் 60 நாள்களுக்குள் முறையிடலாம். அல்லது 'ஜூதிச்சே தி பாச்சே' எனப்படும் சமாதான நீதிபதியிடம் செல்லலாம். வெளிநாட்டில் வாழ்வோருக்கு அங்கும் 60 நாள்களே. ஆனால் பிரெஃபெத்தோ முறையீட்டைத் தள்ளிவிட்டால் குறைந்த தொகையைப்போல் இரு மடங்குக்குக் குறையாமல் கட்ட நேரிடும். அபராதத்தைக் கட்டிவிட்டாலோ முறையிடும் உரிமை போய்விடும். பலகையைக் கவனிக்கவில்லை என்பது காரணமாகாது.

கட்டாமல் விட்டால் என்ன?

இக்கேள்வியைத் தயக்கத்தோடு கேட்பவர்களும் உண்டு, துணிவோடு கேட்பவர்களும் உண்டு. கடல் கடந்து எவர் வந்து கேட்கப்போகிறார் என்பதே அதன் உட்பொருள். சில நகராட்சிகள் வசூல் முகவர்கள் மூலம் கடிதங்களைத் தொடர்ந்து அனுப்பும், தொகையும் வளரும். ஆனால் அச்சத்தை மட்டும் காரணமாகக் காட்ட நாம் விரும்பவில்லை.

குருமடத்தில் நாம் படித்த பழைய அறநெறி நூல்களில் ஒரு விவாதம் உண்டு. சில சட்டங்கள் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்துவதில்லை, மீறினால் தண்டனையை ஏற்றுக்கொள்ளவே கட்டுப்படுத்துகின்றன என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். அக்கொள்கையைத் தளர்வானது என்று மறுத்தவர் பலர். ஆனால் அந்தத் தளர்ந்த கொள்கையினர்கூட, விதித்த தண்டனையை நழுவவிடலாம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்! 1965-ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு, சமூக நெறிகளை அலட்சியம் செய்வோரைக் கண்டிக்கும் இடத்தில் வாகன வேகத்துக்கான சட்டங்களையே எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அந்நாளில் குடியேறுவோருக்கும் பயணிகளுக்குமென இருந்த வத்திக்கான் அவை, வாகன ஓட்டிகளுக்கெனவே பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. சாலை நெறி சின்ன விஷயமன்று என்பதே இவற்றின் கருத்து.

நம் ஊரையே எண்ணிப் பாருங்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை இலட்சக்கணக்கானோர் நடக்கும் தெருவில், வெளிநாட்டுக்காரர் ஒருவர் தடையை அறியாமல் காரை ஓட்டி வந்தால் நாம் அவரை மன்னிப்போம். அறிந்தபின்னும், என் ஊருக்கு வந்து எவர் கேட்பார் என்று அவர் சொன்னால் நம் மனம் என்ன சொல்லும்? அறியாமல் நுழைந்தது தவறுதான், சிறு தவறு. அறிந்தபின் மறைப்பது வேறு. வீட்டிலுள்ள பிள்ளைகள் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோரிடமிருந்தே கற்றுக்கொள்கிறார்கள்.

புறப்படுமுன்

வருமுன் காத்தல் இதினும் எளிது. நம் ஓட்டுநர் உரிமத்தோடு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் பெற்றுச் செல்லுங்கள். அது ஓராண்டுக்குச் செல்லும். காரை இருவர் ஓட்டுவதானால் இருவர் பெயரையும் பத்திரத்தில் சேருங்கள். விடுதி தடைப் பகுதிக்குள் இருந்தால், காரின் எண்ணை நகராட்சியில் பதிவு செய்ய முடியுமா என்று விடுதியாரிடம் முன்னதாகவே கேளுங்கள். முடியாதெனில் பழைய நகருக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு நடந்து செல்லுங்கள். அத்தெருக்களின் அழகு நடப்பவருக்கே தெரியும். நீலக் கோடு கட்டண நிறுத்தம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோடு பிறருக்கென ஒதுக்கப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். வேக வரம்பு நகருக்குள் 50 கிலோமீட்டர். பெருவழிச்சாலையில் 130, மழை பெய்தால் 110.

இவற்றோடு இன்னொன்று. பல குடும்பங்கள் சேர்ந்து செல்வதானால், அபராதம் வந்தால் எல்லாரும் சமமாகப் பங்கிடுவோம் என்று காரில் ஏறுமுன்பே பேசி முடித்துவிடுங்கள். கையெழுத்திட்டவர் ஒருவர், ஓட்டியவர் ஒருவர், வழி சொன்னவர் ஒருவர், அவசரப்படுத்தியவர் ஒருவர் என்றிருக்கும்போது குற்றம் யாருடையது என்று பிரிக்க எந்தக் கேமராவாலும் இயலாது. அது காரின் எண்ணை மட்டுமே பார்க்கிறது. அந்தக் காரில் நாம் எல்லாரும் இருந்தோம் என்று ஒப்புக்கொள்ளும் குடும்பத்துக்கு 83 யூரோ ஒரு செலவு மட்டுமே. ஒப்புக்கொள்ளாத குடும்பத்துக்கோ, அது எத்தனை யூரோ கொடுத்தாலும் தீராத கடனாகிவிடும்.