30 சென்ட் விலை உயர்வு: இணையத்தில் பாடல் வாங்குவோரின் கணக்கை மாற்றியது எப்படி?

அமெரிக்காவில் 2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் தொடங்கிய ஐடியூன்ஸ் இணைய அங்காடியில், ஒரு பாடலின் பதிவிறக்க விலை 99 சென்ட்டாக இருந்தது. 2009 ஏப்ரலில் 69 சென்ட், 99 சென்ட், 1.29 டாலர் என மூன்று விலைகள் நடைமுறைக்கு வந்தன. பிரபலமான பாடல்கள் பலவற்றின் விலை 30 சதவீதம் உயர்ந்தது.

முழு ஆல்பத்தின் வழக்கமான விலை 9.99 டாலராக இருந்தது. பழைய விலையில் 10 பாடல்களைத் தனித்தனியே வாங்கினாலும் 9.90 டாலர்தான் செலவாகும். புதிய உச்ச விலையிலோ 8 பாடல்களுக்கே 10.32 டாலர் தேவைப்பட்டது. இதனால், பல பாடல்களை விரும்புவோருக்கு ஆல்பமே மலிவாயிற்று. ஓரிரு பாடல்கள் மட்டும் போதும் என்போருக்குச் சுமை கூடியது.

பொருளாதார மந்தநிலையின்போது வந்த இந்த உயர்வுக்குப் பின், பதிவிறக்க விற்பனையின் வளர்ச்சி வேகம் குறைந்ததாக வார்னர் மியூசிக் நிறுவனம் 2010 பிப்ரவரியில் தெரிவித்தது.