மொச்சை ஏன் வேகவில்லை?

காய்ந்த மொச்சையில் குழம்பு வைக்கும் வீட்டில் ஒரு நாளாவது இந்தப் புகாரைக் கேட்டிருப்பீர்கள்: "ரெண்டு மணி நேரமா அடுப்பு எரியுது, மொச்சை இன்னும் கல்லு மாதிரியே கிடக்கு!" உடனே பழி சமைத்தவர் தலையில் விழும். சில சமயம் மொச்சை விற்ற கடைக்காரர் தலையில் விழும். உண்மையான குற்றவாளி இவர்கள் இருவரும் அல்ல என்றால் நம்புவீர்களா? குற்றவாளியைத் தேடி நாம் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கடல் வரை போக வேண்டியிருக்கும். அந்தக் கடல் இருந்த இடமும் தொலைவில் இல்லை. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் உள்ள பாடாலூரில் இறங்கிக் கிழக்கே சில கிலோமீட்டர் போனால் போதும்.

முதலில் மொச்சைக்குள் நுழைந்து பார்ப்போம்.

காய்ந்த மொச்சை என்பது தூங்கும் விதை. அடுத்த மழையில் முளைக்கப் போகும் செடிக்காகப் புரதத்தையும் மாவுச்சத்தையும் கட்டி வைத்திருக்கும் உணவுப் பொட்டலம் அது. அதனுள் ஈரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இரவு முழுவதும் நீரில் ஊறினால் அதன் எடை இரு மடங்காகிறது. தோல் சுலபமாக நீரை உள்ளே விடுவதில்லை; விதை காயுடன் ஒட்டியிருந்த இடத்தில் உள்ள தழும்பின் பக்கமாகவே தொடக்கத்தில் நீர் பெரும்பாலும் நுழைகிறது. தோல் மிகவும் இறுகிப்போன ஒன்றிரண்டு விதைகள் ஊறவே ஊறாது. ஊறிய மொச்சையில் கையை விட்டுப் பார்த்தால் அவை தனியே தட்டுப்படும். அவற்றை அப்போதே பொறுக்கி எறிந்துவிடலாம்.

விதையின் உள்ளே லட்சக்கணக்கான செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் அடுக்கப்பட்டிருக்கின்றன. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே சாந்து இருப்பதுபோல், செல்லுக்கும் செல்லுக்கும் இடையே பெக்டின் என்ற பசை இருக்கிறது. இந்தப் பசையின் நீண்ட மூலக்கூறுகளைக் கால்சியம், மக்னீசியம் அயனிகள் ஒன்றோடொன்று கோத்துப் பிடித்திருக்கின்றன. மொச்சை வேகிறது என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு வேலைகளை. செல்லுக்குள் இருக்கும் மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் களியாவது ஒன்று. 80 டிகிரி செல்சியசுக்குள்ளேயே இது பெரும்பாலும் முடிந்துவிடும். பெக்டின் பசை கரைந்து செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவது மற்றொன்று. நேரம் பிடிப்பது இந்த இரண்டாவது வேலைதான். விரலால் நசுக்கினால் மொச்சை வெண்ணெய்போல் மசிகிறதே, அப்போது செல்கள் உடைவதில்லை. பசை விட்டுப்போனதால் விலகுகின்றன.

இப்போது நம் கேள்வி இப்படி மாறுகிறது: பெக்டினைக் கரையவிடாமல் தடுப்பது எது?

முதல் சந்தேகம் தண்ணீர் மீது. பாடாலூருக்குக் கிழக்கே ஊட்டத்தூர், காரை என்ற ஊர்கள் இருக்கின்றன. கிரிட்டேசியஸ் காலத்தில் இந்தப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. 1860-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் இங்குள்ள பாறைகளை ஆராய்ந்தார்கள். அதனால் 'ஊட்டத்தூர்' என்ற பெயர் உலகப் புவியியல் நூல்களில் ஒரு பாறைத் தொகுதியின் பெயராகவே இடம் பெற்றுவிட்டது. சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் போன்ற கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் இங்கே கிடைக்கின்றன. அருகில் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்லாகிப்போன மரம் ஒன்றைக் காணலாம். அந்தக் கடலின் ஓடுகளும் பவளங்களும் படிந்து இறுகியவைதாம் கல்லக்குடி, அரியலூர் வட்டாரத்துச் சிமெண்ட் ஆலைகளுக்குத் தீனி போடும் சுண்ணாம்புக் கல்.

மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அந்த இலேசான அமிலம் சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இப்படிக் கால்சியமும் மக்னீசியமும் ஏறிய நீரையே கடின நீர் என்கிறோம். குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. சோப்பு நுரைக்கவில்லை, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிகிறது என்றால் உங்கள் வீட்டு நீர் கடின நீர் என்று அறிந்துகொள்ளலாம்.

இந்த நீரில் மொச்சையை வேகவைத்தால் என்ன ஆகும்? பெக்டினைக் கோத்துப் பிடிக்கும் அதே கால்சியத்தை நாமே மேலும் கொட்டுகிறோம். சாந்து கரைவதற்குப் பதில் இறுகுகிறது. என்றோ மடிந்த கடல் உயிரியின் ஓடு இன்று உங்கள் வீட்டு மொச்சையை வேகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது!

இரண்டாவது சந்தேகம் புளி மீது. பெக்டின் மூலக்கூறு அறுபடும் வினை அமிலத்தில் மெதுவாகவும் காரத்தில் வேகமாகவும் நடக்கும். புளி அமிலம். ஆகவே மொச்சை வேகும் முன்பே புளியைக் கரைத்து ஊற்றினால் அது நின்ற இடத்தில் நின்றுவிடும். "மொச்சை நல்லா வெந்த பிறகுதான் புளி ஊத்தணும்" என்று பாட்டிமார்கள் சொல்வது முற்றிலும் சரி. செட்டிக்குளத்துச் சின்ன வெங்காயத்தை வதக்கிச் சேர்த்தாலும், கத்தரிக்காயோ கருவாடோ போட்டாலும் வரிசை அதுதான். முதலில் மொச்சை, கடைசியில் புளி.

ஆனால் இதே குறையைக் குணமாக்கியவர்களும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் வேகவைத்த பீன்சுக்குப் பெயர் பெற்றது. அப்பகுதியில் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் ஓய்வு நாளில் சமைக்க மாட்டார்கள். அதனால் சனிக்கிழமையே வெள்ளை பீன்சை மண் ஜாடியில் இட்டு, உப்பிட்ட பன்றி இறைச்சியும் மொலாசஸ் என்ற கருப்பான கரும்புப் பாகும் சேர்த்து, அடுப்பின் இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் விட்டுவிடுவார்கள். இவ்வளவு நேரம் வெந்தும் பீன்ஸ் கூழாகிவிடுவதில்லை. காரணம், மொலாசசில் அமிலமும் இருக்கிறது, கால்சியமும் இருக்கிறது. நம் வீட்டில் எரிச்சலூட்டும் அதே வேதியியல் அங்கே பருப்பு குழையாமல் காக்கிறது. இன்று அமெரிக்க வீட்டுக் கொல்லைகளில் இறைச்சி சுடும் விருந்துகளில் துணைக்கறியாக வருவது இந்தப் பீன்ஸ்தான்.

மூன்றாவது சந்தேகம் மூட்டையின் மீது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பல மாதம் கிடந்த பயறு வேகத் தாமதமாகும். விதைக்குள் ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. சேமிப்பின்போது அது மெல்லச் சிதைகிறது. விடுபட்ட அயனிகள் பெக்டினிடம் போய்ச் சேருகின்றன. ஆகவே பயறு வாங்கினால் நன்றாகக் காயவைத்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் மூடி வையுங்கள்.

இனி உப்பு. "உப்பை முன்னாலே போட்டால் வேகாது" என்று பலர் சொல்வார்கள். இந்த விதி சோதனையில் தோற்றுவிடுகிறது. லிட்டருக்கு ஒரு மேசைக் கரண்டி உப்புப் போட்டு இரவு ஊறவைத்தால், சோடியம் அயனிகள் தோலில் உள்ள கால்சியத்தின் ஒரு பகுதியை வெளியேற்றி அதன் இடத்தில் அமர்கின்றன. சோடியத்தால் பெக்டினைக் கோத்துப் பிடிக்க முடியாது. தோல் மிருதுவாகி மொச்சை சீக்கிரம் வேகிறது. பாட்டி சொன்னது என்பதால் ஏற்பதும் வேண்டாம், தள்ளுவதும் வேண்டாம். சோதித்துப் பாருங்கள். சமையல் சோடாவும் பெக்டினை வேகமாகக் கரைக்கும். ஆனால் அது தயமின் என்னும் வைட்டமின் பி-1 ஐ அழிக்கும். அதிகமானால் சோப்புச் சுவையும் வரும்.

இதெல்லாம் வெறும் ருசிக்கான விஷயமா? இல்லை. ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

அரைக் கிலோ மொச்சை ஊறி ஒரு கிலோ ஆகிறது. அதனுடன் 2 லிட்டர் நீர் சேர்த்து 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 800 கிலோஜூல் வெப்பம் தேவை. பிறகு இரண்டு மணி நேரம் தளதளவென்று திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, அதில் 1.5 லிட்டர் நீர் ஆவியாகிறது என்று கொள்வோம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வேண்டும். ஆக 3,400 கிலோஜூல் ஆவியோடு போய்விட்டது! மொச்சையைச் சூடாக்கியதைவிட நான்கு மடங்கு வெப்பம் கூரையைச் சூடாக்கியிருக்கிறது. எவ்வளவு தளதளத்தாலும் நீரின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே மொச்சை ஒரு நிமிடம்கூட முன்னதாக வேகாது. மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்துக்குச் சேருகிறது என்று கொண்டால், இந்த ஒரு குழம்புக்கு இரண்டரைக் கிலோ விறகு வேண்டும். சமையல் எரிவாயுவானால் சுமார் 150 கிராம் செலவாகும். பயறு ஏழை வீட்டின் புரதம். அதை வாங்க முடிந்தும், வேகவைக்க எரிபொருள் கட்டுப்படியாகாததால் அரிசியோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகள் உண்டு. அடுப்பின் புகையை உள்ளிழுப்பவர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பிரெஷர் குக்கர் இங்கேதான் கைகொடுக்கிறது. உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் இரு மடங்காகும்போது நீர் 120 டிகிரியில்தான் கொதிக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பல வேதி வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். 20 டிகிரி கூடினால் நான்கு மடங்கு. இரண்டு மணி நேர வேலை அரை மணியில் முடிகிறது, ஆவியும் வீணாவதில்லை. 1679-இல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சு அறிஞர் எலும்பை மிருதுவாக்கச் செய்த கருவிதான் இதற்கு முன்னோடி. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் நிலைமை தலைகீழ். அங்கே நீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும்.

ஓர் எச்சரிக்கை. எரிபொருள் மிச்சம் என்று அரைகுறைச் சூட்டில் பயறை விட்டுவிடக் கூடாது. குறிப்பாக ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் மிகுதி. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். அதன்பின் மூடிவைத்துச் சிறு தீயில் வேகவிடலாம்.

சோதித்துப் பார்க்க விரும்புகிறீர்களா? ஒரே மூட்டை மொச்சையை மழைநீரிலோ, வடிகட்டிய மென்னீரிலோ இரவு ஊறவையுங்கள். நான்கு எவர்சில்வர் டம்ளர்களில் முப்பது முப்பது விதையாகப் போடுங்கள். முதல் டம்ளரில் மென்னீர். இரண்டாவதில் கிணற்று நீர் அல்லது ஆழ்குழாய் நீர். மூன்றாவதில் மென்னீரும் சிறிது புளிக்கரைசலும். நான்காவதில் மென்னீரும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும். நான்கையும் ஒரே பெரிய பாத்திரத்தில் கொதிக்கும் நீரில் நிறுத்தி மூடுங்கள். நான்குக்கும் சூடு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு டம்ளரிலிருந்தும் 5 விதைகளை எடுத்து, ஆறியபின் விரலால் நசுக்கி, எத்தனை மசிகின்றன என்று எழுதுங்கள். நேரத்தை ஓர் அச்சிலும் எண்ணிக்கையை மற்றோர் அச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள்.

நான்கு கோடுகளில் எது முதலில் ஏறுகிறது, எது தரையோடு படுத்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்தத் தாளை உங்கள் வீட்டில் சமைப்பவரிடம் காட்டுங்கள். அடுத்த முறை மொச்சை வேகாவிட்டால் யாரைக் கேள்வி கேட்பது என்று இருவருக்கும் தெரிந்திருக்கும்.