பாதி கட்டிங்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் சலூன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதைவிட ஒரு ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வேறென்ன பெரிய சுகம் இருக்கிறது, சொல்லுங்கள்! ஓசிப் பேப்பர், ஓசி ஃபேன், ஓசி அரசியல். எனக்கும் அந்தச் சுகம் ஒரு காலத்தில் இருந்தது. என் பையனுக்கு முடி வெட்ட ஆரம்பித்தபிறகு போயே போச்சு.

பையனுக்கு ஒன்பது வயசு. ஆட்டிசம்.

"அப்படின்னா என்ன சார்?" என்று கேட்பவர்களுக்கு நான் சலூனைத்தான் உதாரணம் சொல்வேன். கத்திரிச் சத்தம் நமக்குத் தூக்கம் வரவழைக்கும். அவனுக்கு கத்திரி, டி.வி., ஃபேன், பக்கத்து நாற்காலி மிஷின், வாசலில் ஆட்டோ ஹாரன் எல்லாம் ஒரே வால்யூமில் ஒரே நேரத்தில் காதுக்குள் புகுந்துவிடும். கழுத்தில் விழுகிற துளி முடி நமக்கு அரிப்பு. அவனுக்கு முள். (எல்லா ஆட்டிசப் பிள்ளைகளும் இப்படி இல்லை. சிலர் சத்தத்தைத் தேடிப் போவார்கள். இது எங்க வீட்டு எடிஷன்!)

முதலில் போன சலூனில் கேட்காமல் கொள்ளாமல் முகத்தில் தண்ணீர் ஸ்பிரே அடித்துவிட்டார்கள். நம்ம ஹீரோ போட்ட அலறலில் தெருவே எட்டிப் பார்த்தது. பெஞ்சில் காத்திருந்த மூன்று பேரும் உடனே டாக்டர்களாகிவிட்டார்கள்.

"ரெண்டு சாத்து சாத்துங்க சார், சரியாப் போயிடும்!"

"செல்போனைக் குடுத்து வளர்த்திருப்பீங்க."

மூன்றாமவர் ரொம்ப நாசூக்கு. "அம்மா வேலைக்குப் போறாங்களோ?"

முதல் இரண்டு பேர்மீதும் எனக்குக் கோபம் வந்தது. மூன்றாமவர்மீது கோபப்பட எனக்கு யோக்யதை இல்லை. ஏனென்றால், அதே கேள்வியை நானே கேட்டிருக்கிறேன். பையனுக்கு மூன்று வயசில் டாக்டர் விஷயத்தைச் சொன்ன அன்று ராத்திரி, சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "நீ அவன்கூட இன்னும் கொஞ்சம் பேசியிருந்தா இப்படி ஆகியிருக்காதோ?" என்றேன். என் மனைவி பதிலே சொல்லவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சுத்தமான பாத்திரத்தை மறுபடி தேய்த்தாள்.

பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1943-ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்துதான் ஆட்டிசம் என்ற பெயரே பரவலானது. அதன்பின் வருஷக்கணக்காகப் பெரிய பெரிய டாக்டர்களே 'அம்மாவுக்குப் பாசம் போதாது, அதனால்தான் பிள்ளை இப்படி' என்று பழி போட்டிருக்கிறார்கள். 1964-ல் பெர்னார்டு ரிம்லண்ட் என்ற மனோதத்துவ நிபுணர், 'இது மூளை சம்பந்தப்பட்டது, வளர்ப்பில் கோளாறு இல்லை' என்று புஸ்தகமே போட்டுவிட்டார். அவரும் ஓர் ஆட்டிசப் பையனுக்கு அப்பா! பரம்பரை அணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இப்போது தெரிகிறது. இவ்வளவும் எப்பவோ எழுதி முடித்த தீர்ப்பு. எம்.காம். படித்த நான் அதை எங்க வீட்டுச் சமையலறையில் மறுவிசாரணைக்கு எடுத்திருக்கிறேன்.

வாய்விட்டு மன்னிப்புக் கேட்கிற வழக்கம் நம்ம குடும்பங்களில் ஏது? "இனிமே கட்டிங் என் டிபார்ட்மென்ட்" என்றேன். அவளுக்குப் புரிந்தது.

நடுவில் சர்டிபிகேட் கூத்து ஒன்று. 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைதான், ஆட்டிசம் கிடையாது. 2016-ல் வந்த சட்டம் அதை 21 ஆக்கியது, ஆட்டிசமும் சேர்ந்தது. ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தபட்சம் 40 சதவீதம் என்று சர்டிபிகேட் வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி.க்குக்கூட 35 போதும்! பரிசோதனை நாளன்று நம்ம ஹீரோ சமர்த்தாக உட்கார்ந்து, கேட்ட படத்தையெல்லாம் சரியாகக் காட்டுகிறான். 'ஐயையோ, மார்க் குறைஞ்சிடுமே' என்று எனக்கு எரிச்சல். பெற்ற பிள்ளை நன்றாகச் செய்கிறானே என்று கடுப்பான அப்பன் நானாகத்தான் இருப்பேன். சர்டிபிகேட் கிடைத்தது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, சலூனுக்கு வருவோம்.

நாலாவதாகப் போன சின்னக் கடையில் ஒரு பெரியவர். "என்ன பண்ணும் தம்பிக்கு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "செவ்வாய்க்கிழமை கடை லீவு சார். சாயங்காலம் கூட்டிட்டு வாங்க. முடி வெட்டவேணாம், சும்மா உக்காந்துட்டுப் போகட்டும்" என்றார்.

மூன்று செவ்வாய், ஆபீஸில் ஒரு மணி நேரம் பர்மிஷன். பாதி ஷட்டர் தூக்கி வைத்திருப்பார். டி.வி. கிடையாது, ஃபேன் கிடையாது. முதல் வாரம் வாசற்படியோடு சரி. இரண்டாவது வாரம் நாற்காலியை நாற்பது தடவை சுற்றிவிட்டான். வீட்டில் என் மனைவி செருப்பு, நாற்காலி, துணி, கத்திரி, கடைசியில் முறுக்கு என்று போட்டோ எடுத்து வரிசையாகச் சுவரில் ஒட்டியிருந்தாள். அடுத்து என்ன என்று கண்ணால் பார்த்துவிட்டால் அவனுக்குப் பயம் பாதி போய்விடும். மூன்றாவது வாரம் கத்திரியைக் கையில் கொடுத்து, "தம்பி, எனக்கு வெட்டி விடுறியா?" என்றார் பெரியவர். நான்தான் நடுங்கிப் போனேன். அவன் கத்திரியைக் காதோரம் வைத்துச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

அங்கே பிடித்துக்கொண்ட ஒரு வாக்கியத்தை ஆறு மாசம் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது இவர்களில் பலருக்கு வழக்கம். பேச்சுக்கு அதுவும் ஒரு வழி. ஒருநாள் வீட்டுக்கு வந்த என் மேனேஜரை நிமிர்ந்து பார்த்து, "கிர்தா வைக்கவா, எடுக்கவா?" என்றான். மனுஷனுக்குத் தலையில் பொட்டு முடி கிடையாது! எனக்கு உயிரே போயிற்று. அவரோ விழுந்து விழுந்து சிரித்து, "வைக்கச் சொல்லு தம்பி, எங்கேயாவது கிடைச்சா!" என்றார். அப்புறம் என் பர்மிஷன் சீட்டில் அவர் காரணம் பார்த்ததே இல்லை.

இப்போது ஞாயிறு காலை ஆறரைக்கே போய்விடுகிறோம். போன தடவை பெஞ்சில் ஒரு காலேஜ் பையன் இருந்தான். நம்மாளு காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்ததும் எழுந்து போய் டி.வி.யை அணைத்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்து பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனை எழுந்து கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் மடியில் பையன்!

ஒப்பந்தம் ஐம்பது 'கிச்'. மிஷின் கூடாது, ஸ்பிரே கூடாது. ஒவ்வொரு வெட்டையும் அவனே எண்ணுவான். ஐம்பது வந்ததும் துணியை உருவிப் போட்டுவிட்டு முறுக்குக்குக் கையை நீட்டுவான். முடி முடிந்ததா என்பது அவன் கவலை இல்லை.

இந்த வாரம் பின்பக்கம் பாக்கி. திங்கட்கிழமை அப்படியே ஸ்கூலுக்குப் போயாச்சு. வருகிற ஞாயிறு மீதி.