கூப்பிட்டால் வானத்திலிருந்து இறங்கி வரும் வாத்துகள்... தெரியுமா?

சின்னமனூரில் அறுப்பு முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் மேயும்போது வரப்பில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் கதிர் அறுத்ததுமே, வெளியூர்களிலிருந்து வாத்துகளோடு வந்துவிடுகிறார்கள் மேய்ப்பவர்கள். சிந்திய நெல், நத்தை, புழு பூச்சி எல்லாம் வாத்துக்கு. வாத்தின் எச்சம் வயலுக்கு. நூற்றுக்கணக்கான வாத்துகளுக்கு ஒருவரோ இருவரோதான் ஆள்! கையில் நீளக் கம்பு இருக்கிறது, ஆனால் வேலை நடப்பது தொண்டையால். அவர் ஒரு குரல் கொடுத்ததும், அந்தக் கோடியில் சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த வாத்துகூடச் சட்டென்று தலையைத் தூக்கும். கழுத்துகள் எல்லாம் ஒரே பக்கம் நீளும். இன்னொரு குரல், மொத்தக் கூட்டமும் வரப்பேறிவிடும்!

வளர்த்த வாத்து வருவது இருக்கட்டும். ஆளையே பார்த்திராத காட்டு வாத்தை வெறும் குரலால் வானத்திலிருந்து இறக்க முடியும், தெரியுமா? வட அமெரிக்காவில் வேட்டைக்காரர்களுக்கு இது பெரிய கலை. அங்கே கனடா வாத்து என்று ஒரு பெரிய இனம், 5 கிலோவைத் தாண்டும். அதே கறுப்புக் கழுத்தும் வெள்ளைக் கன்னமுமாக, ஒன்றரைக் கிலோகூடத் தேறாத குட்டி வாத்துகளும் உண்டு. இரண்டையும் ஒரே இனம் என்றே வெகுகாலம் எண்ணியிருந்து, 2004-ல்தான் சிறியவற்றைத் தனி இனமாகப் பிரித்தார்கள். குரலே வேறு! பெரியது நிறுத்தி, கனமாக முழங்கும். சிறியது கீச்சென்று, மூச்சு விடாமல் படபடக்கும். பெரிய வாத்தின் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் சின்ன வாத்து ஏன் இறங்கப் போகிறது?

இதற்கென்று விரல் நீளத்தில் ஒரு ஊதல் இருக்கிறது. நாகஸ்வரத்துக்குச் சீவாளி போல இதற்குள்ளும் ஒரு நாக்கு துடிக்கும். அடிவயிற்றிலிருந்து காற்றைத் தள்ளி, தாழ்ந்த சுரத்தில் தொடங்கி உச்சத்தில் உடைக்க வேண்டும். ஊதலின் வாயை உள்ளங்கையால் மூடித் திறந்தால்தான் குரலில் உயிர் வரும். கூட்டம் தொலைவில் போனால் உரக்க, வேகமாக. நெருங்கி வட்டமிட்டால் மெல்ல மெல்ல அடக்கி, தரையில் மேயும் வாத்துகள் தங்களுக்குள் முணுமுணுப்பது போல. சின்ன வாத்துகள் பெரும் கூட்டமாக வருவதால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஊதுவார்கள். ஒற்றைக் குரலை அவை நம்புவதில்லை!

வாத்தைக் கூப்பிடுவதற்கு உலகப் போட்டியே நடக்கிறது! அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் என்ற ஊரில் 1936-ல் தொடங்கியது. முதல் பரிசு 6.60 டாலர் மதிப்புள்ள ஒரு வேட்டைக் கோட்டு. அதை வென்றவர் ஊதலே எடுக்கவில்லை, சொந்தத் தொண்டையால் கத்தியே ஜெயித்தார்!

இதெல்லாம் அயல்நாட்டுச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். பழக்கிய பறவையையோ மானையோ கட்டிவைத்து அதன் இனத்தை வரவழைப்பதைச் சங்கத் தமிழர் 'பார்வை' என்றார்கள். நற்றிணை 212-ஆம் பாட்டில், பார்வை வேட்டுவன் விரித்த வலைக்கு அஞ்சி நெடுங்கால் கணந்துள் பறவை கத்துகிறது. அந்தக் குரல் வழிப்போக்கரான கூத்தர் மீட்டும் நரம்பிசையோடு கலக்கிறது. 312-ஆம் பாட்டிலோ மழையில் வாடிய வெண்குருகு. வேட்டுவனுக்கே மனம் இளகிவிடுகிறது. வேட்டைக்காரனின் மனத்துக்குள் இவ்வளவு தூரம் போய்ப் பார்த்த புலவர் கழார்க் கீரன் எயிற்றியார், ஒரு பெண்!

கௌதாரி பிடிப்பதில் இன்னொரு அதிசயம். பழக்கிய சேவலைக் கூண்டில் வைத்துச் சுற்றிலும் கண்ணி கட்டுவார்கள். கூண்டுச் சேவல் கூவியதும் காட்டிலுள்ள கௌதாரிச் சேவல், 'என் எல்லைக்குள் எவன் வந்தது?' என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு ஓடிவரும். வாத்து இறங்குவது துணை தேடி, கௌதாரி வருவது சண்டை தேடி! எந்தப் பறவைக்கு எது வேண்டும் என்று தெரிந்தவன்தான் கூப்பிட முடியும். அந்த அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் நம் நரிக்குறவர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழில் போயிற்று. பறவைகளுக்கு அது நல்லதுதான். ஆனால் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் வரை ஆனது. இந்தத் தாமதம் நியாயமே இல்லை.

தொழில் போனாலும் அந்த வித்தைக்கு நல்ல வேலை காத்திருக்கிறது! பீகாரின் மீர்ஷிகார்கள் பரம்பரையாகப் பறவை பிடித்தவர்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அவர்களையே கோடியக்கரைக்கு அழைத்துவந்தது. இறகு ஒன்றுகூட உதிராமல் பிடித்துக் கொடுப்பார்கள். காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து, பறக்க விட்டுவிடுவார்கள் ஆய்வாளர்கள். நம் ஊருக்கு வரும் பறவை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது பெரும்பாலும் இப்படித் தெரிந்ததுதான்.

அமெரிக்கச் சின்ன வாத்தைவிடவும் சிறிய வாத்து ஒன்று நம் குளங்களில் உண்டு! குள்ளத்தாரா என்பார்கள். காக்கையைவிடச் சிறியது, உலகின் மிகச் சிறிய வாத்துகளில் ஒன்று. பறக்கும்போது கடகடவென்று கொக்கரிக்கும். மரப்பொந்தில் முட்டையிடும். வாத்துக் குஞ்சுகள் ஓடு உடையும் முன்பே முட்டைக்குள்ளிருந்து கத்தத் தொடங்கும், அம்மாவும் பதில் கொடுக்கும். பொரிந்த சில நாளுக்குள், கீழே நின்று தாய் கூப்பிட, இறக்கை முளைக்காத குஞ்சு ஒவ்வொன்றாக மரத்திலிருந்து குதிக்கும்!

அதனால், சின்னமனூர்க் குளக்கரைக்கோ மேகமலைக்கோ போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் எடுப்பதற்காகக் கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அவற்றை அலைக்கழிக்காதீர்கள். காலில் வளையத்தோடு ஒரு பறவையைக் கண்டால் அதிலுள்ள எண்ணைக் குறித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கோ பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள்.