கயிற்றை மன்னித்துவிடு

"அத்லெய்ஸ்க்! அத்லெய்ஸ்க் ஷ்கோத்தா!"

சுக்கான் பிடித்திருந்த பெரியவர் பின்னாலிருந்து கத்தினார். எங்கிருந்தோ ஒரு காற்று வந்து பாயில் மோதியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் லித்துவேனிய மொழி படிக்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. 'அத்லெய்ஸ்க்' எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். தோழி தாமதமாக வந்தால் சொல்வது அது: மன்னித்துவிடு. இந்த நேரத்தில் யாரை மன்னிக்கச் சொல்கிறார்? கையிலிருந்த கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. பெரியவர் எட்டிக் கயிற்றைப் பிடுங்கி விட்டார். பாய் படபடவென்று அடித்தது, படகு நிமிர்ந்தது.

கிளைப்பேடா லித்துவேனியாவின் துறைமுக நகரம். அங்கே ஒரு கப்பல் வடிவமைப்பு அலுவலகத்தில் எனக்கு வேலை. தூத்துக்குடிக்காரி என்பதால் தண்ணீரை விட்டு இருக்க முடியவில்லை, சனிக்கிழமைகளில் பாய்ப்படகு பழகப் போனேன். ஆங்கிலக் கையேடு ஒன்றை வரிவிடாமல் படித்திருந்தேன். பெரியவர் சொன்னது அந்தக் கையேட்டில் முதல் அத்தியாயத்திலேயே இருந்த கட்டளைதான்: 'ஷீட்'டைத் தளர்த்து.

ஆங்கிலப் படகுமொழியில் 'ஷீட்' விரிப்பும் அல்ல, தாளும் அல்ல, பாயும் அல்ல. பாயின் கீழ் மூலையை அடக்கி வைக்கும் கயிறு. பாயின் மூலையைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்த பெயர். அதை இழுத்தால் பாய் இறுகிக் காற்றை முழுசாக வாங்கும். விட்டால் காற்று வழிந்து போய்விடும். சாயும் படகைக் காப்பாற்ற முதலில் செய்ய வேண்டியது அதை விடுவதுதான். சாதாரண அகராதியைப் புரட்டினால் லித்துவேனிய மொழியில் படுக்கை விரிப்புக்கான சொல் கிடைக்கும். படகில் அந்தக் கயிற்றின் பெயர் 'ஷ்கோத்தஸ்'. அதே சொல்லுக்கு ஸ்காட்லாந்துக்காரர் என்ற பொருளும் உண்டு.

அன்று கரையேறியதும் பெரியவர் என்னை உட்கார வைத்து விளக்கினார். எல்லோரையும் அவர் 'வைக்கெலி' என்றுதான் கூப்பிடுவார், குழந்தாய் என்று பொருள். "வைக்கெலி, பிடித்து வைத்திருப்பதை விடுவதுதான் அத்லெய்ஸ்தி. கயிறானாலும் சரி, கோபமானாலும் சரி." வேலையிலிருந்து ஒருவரை அனுப்புவதற்கும் அதே வினைதான். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நாமும் கயிற்றை விடு என்கிறோம், மன்னித்துவிடு என்கிறோம்.

அன்றிரவே ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டேன். ஆங்கிலம், லித்துவேனியம், தமிழ்.

எழுத எழுத இரண்டாம் பத்தி இரண்டு குலமாகப் பிரிந்தது. கயிறுகள், பாய் வகைகள், படகு காற்றோடு போகும் கோணங்கள் எல்லாம் டச்சுக் குலம். எதிர்க்காற்றுக்கு நெருக்கமாக ஓட்டுவது 'பெய்தெவிந்தஸ்', காற்றை முதுகில் வாங்கி ஓடுவது 'ஃபோர்தெவிந்தஸ்'. கடைசி 'அஸ்' விகுதியை உரித்துவிட்டால் உள்ளே இருப்பது அப்பட்டமான டச்சு. 1697-இல் ரஷ்யாவின் ஜார் மகா பீட்டர் ஹாலந்தின் ஜான்டாம், ஆம்ஸ்டர்டாம் பட்டறைகளுக்கே போய்க் கப்பல் கட்டப் பழகினார். அவருடைய கடற்படையோடு டச்சுச் சொற்கள் மூட்டை மூட்டையாக ரஷ்ய மொழிக்கு வந்தன. அங்கிருந்து லித்துவேனிய மொழிக்கும். கிளைப்பேடாவோ நெடுங்காலம் மேமல் என்ற ஜெர்மன் நகரம். 1923-இல்தான் லித்துவேனியாவோடு சேர்ந்தது. ஜெர்மன் வழியாகவும் கடல்சொற்கள் வந்தன.

இன்னொரு குலம் சொந்தக் குலம். பாய் 'பூரே'. பாய்மரம் 'ஸ்தியெபஸ்', செடியின் தண்டுக்கும் அதுவே பெயர். காற்று 'வேயஸ்'. துடுப்பு 'இர்க்லஸ்'. வலப்பக்கம் 'தெஷினே'. இந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேயஸ், சமஸ்கிருத வாயுவுக்கு உறவு. தெஷினே, தட்சிணத்துக்கு உறவு. துடுப்பைக் குறிக்கும் சமஸ்கிருத அரித்திரமும் இர்க்லஸும் ஒரே வேர். ஐரோப்பிய மொழிகளில் பழமையைக் கெடாமல் வைத்திருப்பது இது என்று மொழியறிஞர்கள் சொல்வது எனக்கு அந்தச் சின்னப் படகில்தான் விளங்கியது.

நாங்கள் பழகிய நீர்நிலை கூர்ஷியூ காயல். கிட்டத்தட்ட 1,584 சதுர கிலோமீட்டர் நன்னீர். பால்டிக் கடலுக்கும் அதற்கும் நடுவே 98 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய மணல்திட்டு. ஆழம் சராசரி நாலு மீட்டர்கூட இல்லை, அதனால் இங்கத்திய பழைய மீன்பிடிப் படகான 'குரேனஸ்' தட்டை அடியோடு இருக்கும். மணல்திட்டில் அந்தப் படகுகளை ஓட்டியவர்கள் லத்விய மொழிக்கு நெருக்கமான கூர்ஷிய மொழியைப் பேசியவர்கள். படகின் பாய்மர உச்சியில் செதுக்கிய மரத்தில் ஒரு காற்றுக்காட்டி ஆடும், பெயர் 'வேத்ருங்கே'. புயலுக்கான 'வேத்ரா' அதற்குள் இருக்கிறது. 1844-இல் பிரஷ்ய அரசின் மீன்வள ஆய்வாளர் எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் பேர்போம் கொண்டுவந்த விதி, படகுகள் இதைத் தம் ஊருக்குரிய நிறத்தில் ஏற்ற வேண்டும் என்பது. மணல்திட்டு ஊர்களுக்குக் கறுப்பு வெள்ளை, கிழக்குக் கரைக்குச் சிவப்பு வெள்ளை, தெற்குக் கரைக்கு மஞ்சள் நீலம். எந்தப் படகு எந்த ஊர் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக. விதியோடு நிற்காமல் மீனவர்கள் அதில் வீடுகளையும் மனிதர்களையும் செதுக்கிச் சேர்த்தார்கள். பெரியவர் வீட்டு வாசலிலும் ஒன்று நிற்கிறது, கறுப்பு வெள்ளை.

அதே 1844-இல் இங்கிலாந்தில் இன்னொரு உத்தரவு பிறந்தது. கப்பலின் வலப்பக்கம் 'ஸ்டார்போர்ட்', சுக்கான் துடுப்பு அந்தப் பக்கம் இருந்த காலத்துப் பெயர். இடப்பக்கம் 'லார்போர்ட்'. புயல் இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்டால் என்ன ஆகும்? கடற்படைத் தலைமை 'லார்போர்ட்'டை விலக்கி 'போர்ட்' என்று சொல்லச் சொன்னது. சுக்கான் துடுப்பு இடிக்காமல் துறையை அணைக்க வாகான பக்கம் என்பதால் வந்த சொல். இதை லித்துவேனியத்தில் துறைமுகம் என்று பெயர்த்தால், அதாவது 'உவோஸ்தஸ்' என்றால், யாருக்கும் எதுவும் புரியாது. அங்கே வெறுமனே இடது போர்தஸ், வலது போர்தஸ். போர்தஸ் என்றால் கப்பலின் பக்கம்.

ஒரு கேள்வி என்னை விடவில்லை. ரஷ்ய ஜார் ஆட்சி 1864 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல்களை அச்சிடத் தடை போட்டிருந்தது. எல்லைக்கு அப்பால் அச்சிட்டு, முதுகில் சுமந்து, இரவில் எல்லை தாண்டிக் கொண்டுவந்து மொழியைக் காத்தவர்கள் லித்துவேனியர்கள். இன்றும் மொழிக்கென்று அரசு ஆணையம் வைத்திருக்கிறார்கள். இத்தனை பிடிப்பு உள்ளவர்கள் டச்சுக் கயிறுகளை எப்படிச் சும்மா விட்டார்கள்?

பெரியவர் பதில் சொல்லாமல் விரல்விட்டு எண்ணினார். "ஷ்கோத்தஸ், ஷ்கோத்தோ, ஷ்கோத்துய், ஷ்கோத்தா..." ஏழு வேற்றுமையும் முடித்துவிட்டுச் சிரித்தார். "ஏழு வாசலிலும் நுழைந்து வந்துவிட்டது. இனி இது எங்கள் வீட்டுப் பிள்ளை." பஸ்ஸை, பஸ்ஸால், பஸ்ஸுக்கு என்று நாம் செய்வதும் அதுதானே. சொந்தமாக ஒரு சொல் செய்வதை நான் மதிக்கிறேன். ஆனால் படகு சாயும்போது வாயில் வருகிற சொல்லே உயிரைக் காக்கும் என்பதை என் கையே அனுபவித்துவிட்டது.

நோட்டில் ஒரு வரியில் மட்டும் மூன்று பத்தியும் ஒரே சொல். ஆங்கிலத்தில் 'கட்டமரான்', லித்துவேனியத்தில் 'கதமரானஸ்', மூன்றாவது நம் கட்டுமரம். ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் இதைக் கண்டு, பீட்டர் ஹாலந்து போன அதே 1697-இல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதினார். இன்றைய இரட்டை உடல் படகுக்கும் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய நம் மரத்துக்கும் உருவத்தில் ஒட்டில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 'கட்டிய மரம்' என்று பொருள் சொன்னபோது பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

மூன்றாம் பத்தியில் 'ஷீட்' எதிரே வெகுநாள் வெற்றிடம். அப்பா எஞ்சின் பூட்டுவதற்கு முந்தைய பாய்த்தோணிகளில் கொழும்புக்குப் போய்வந்தவர். போனில் கேட்டேன்.

"பாய் மூலைக் கயிறா? தாமான்மா அது. தோணி ஓட்டுற தண்டல் 'தாமானை விடு'ன்னா கண்ணை மூடிட்டு விடணும்."

தாமான் இந்துஸ்தானியிலிருந்து வந்த சொல், சுக்கான் அரபியிலிருந்து. அப்பாவுக்கு இரண்டும் தமிழ். பிறகு அவர் காற்றுகளைச் சொல்லத் தொடங்கினார். கொண்டல், சோழகம், கச்சான், வாடை. எழுதிக்கொண்டே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காயலில் காற்று வடக்கிலிருந்து விறைத்தது. எங்கள் ஊரில் இதற்கு வாடை என்று பெயர், குளிரைக் கொண்டுவரும் என்றேன். "ஜியெமீஸ்," என்றார் பெரியவர். 'ஜியெமா' என்றால் குளிர்காலம். படகிலேயே நோட்டைத் திறந்து நனைந்த விரலால் இரண்டையும் எழுதினேன். அந்த வரியில் ஆங்கிலப் பத்திக்கு வடக்குக் காற்று என்பதற்கு மேல் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.